சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடம்: நகர மண்டபமும் நீதிமன்றமும் கலைக்கூடமான வரலாறு

சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடம் என்பது சிங்கப்பூர் நகரின் நடுவே, பாடாங் எனப்படும் திறந்த மைதானத்தை நோக்கி அமைந்துள்ள ஓவிய, சிற்ப அருங்காட்சியகம் ஆகும். அருகருகே நின்ற இரண்டு அரசுக் கட்டடங்களை இணைத்து இது உருவாக்கப்பட்டது. ஒன்று 1929-இல் கட்டி முடிக்கப்பட்ட நகர மண்டபம். மற்றொன்று 1939-இல் திறக்கப்பட்ட பழைய உச்ச நீதிமன்றம். 2015 நவம்பர் 24 அன்று பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட இக்கலைக்கூடம், சிங்கப்பூர் மற்றும் தென்கிழக்காசியாவின் நவீன ஓவியங்களையும் சிற்பங்களையும் காட்சிப்படுத்துகிறது. இதன் பரப்பளவு சுமார் 64,000 சதுர மீட்டர்.

வரி விதித்த அலுவலகமும் தண்டனை விதித்த மன்றமும் ஓவியம் பார்க்கும் இடமாக மாறியது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். சிங்கப்பூர் வரலாற்றின் பெரிய திருப்பங்கள் பலவும் இந்த இரண்டு கட்டடங்களின் படிக்கட்டுகளிலும் அறைகளிலும் நிகழ்ந்தவை. தமிழர் வரலாற்றிலும் இவற்றுக்கு இடமுண்டு.

அமைவிடம்

பாடாங் என்பது மலாய் மொழியில் சமவெளி அல்லது திறந்த புல்வெளியைக் குறிக்கும் சொல். 1819-இல் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிக நிலையத்தை நிறுவிய பிறகு, கடற்கரையை ஒட்டிய இந்த நிலம் திறந்தவெளியாகவே விடப்பட்டது. இதன் ஒரு முனையில் ஐரோப்பியரின் கிரிக்கெட் கழகமும், மறுமுனையில் யுரேசியரின் பொழுதுபோக்குக் கழகமும் அமைந்தன. அரசு அலுவலகம், நீதிமன்றம், தேவாலயம், விளையாட்டுத் திடல் ஆகிய அனைத்தும் ஒரே பார்வையில் படும்படி அமைப்பது ஆங்கிலேயக் குடியேற்ற நகரங்களின் வழக்கம். சென்னைக் கோட்டையையும் அதன் முன்னுள்ள தீவுத் திடலையும் அறிந்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதாகத் தோன்றாது.

தமிழர் கைவினை

1819-இல் ராஃபிள்ஸ் இரண்டாம் முறை சிங்கப்பூருக்கு வந்தபோது, பினாங்கிலிருந்து அவருடன் வந்தவர் நாராயண பிள்ளை. சிங்கப்பூரில் முதல் செங்கல் சூளையை அமைத்தவர் இவரே. நகரின் தொடக்ககாலக் கட்டடங்கள் எழுந்ததில் இவருக்குப் பங்குண்டு. 1827-இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் கோவிலும் இவர் பெயரோடு தொடர்புடையது.

1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் சிங்கப்பூரில் சாலை போடவும் கட்டடம் கட்டவும் பயன்படுத்தப்பட்டனர். இவர்களில் சென்னை மாகாணத்தவரும் இருந்தனர். நகர மண்டபத்துக்கு அடுத்துள்ள புனித அந்திரேயா பேராலயம் இவர்கள் உழைப்பில் எழுந்தது. 1862-இல் அது அர்ச்சிக்கப்பட்டது. அதன் உட்சுவர்களுக்குச் 'சென்னைச் சுண்ணம்' பூசப்பட்டது. சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவையும் நாட்டுச் சர்க்கரையையும் கலந்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்துப் பூசி, பிறகு வழவழப்பாகத் தேய்த்து மெருகேற்றும் முறை அது. நம் பகுதியின் பழைய வீடுகளில் கண்ணாடி போல் மின்னும் சுவர்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். இதைச் செய்த கைதிகளின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

நகராட்சிக் கட்டடம் (1926–1929)

இன்று நகர மண்டபம் எனப்படும் கட்டடத்தின் முதற்பெயர் நகராட்சிக் கட்டடம். அயர்லாந்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் கோல்மன் வடிவமைத்த வீடுகள் முன்பு அவ்விடத்தில் இருந்தன. அவற்றை அகற்றிவிட்டு 1926-இல் பணி தொடங்கி 1929-இல் முடிக்கப்பட்டது.

பாடாங்கை நோக்கிய முகப்பில் 18 பெரிய தூண்கள் வரிசையாக நிற்கின்றன. கிரேக்க மரபில் கொரிந்தியத் தூண் எனப்படும் வகையைச் சேர்ந்தவை இவை. தூணின் தலைப்பகுதியில் இலைக்கொத்து போன்ற வேலைப்பாடு இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் கருங்கல்லில் செதுக்கியவை போலத் தோன்றும். உண்மையில் இவை 'ஷாங்காய்ப் பூச்சு' எனப்படும் செயற்கைக் கல்லால் ஆனவை. சிமெண்டுடன் கருங்கல் துகள்களைக் கலந்து பூசி, மேற்பரப்பைக் கழுவித் துகள்கள் தெரியும்படி செய்யும் முறை இது. இத்தாலியச் சிற்பி ருடால்போ நோல்லி இந்த வேலையைச் செய்தார்.

குடிநீர், தெருவிளக்கு, சாலை, துப்புரவு ஆகியவற்றைக் கவனித்த நகராட்சி நிர்வாகம் இங்கிருந்து இயங்கியது. சாலைகளிலும் துப்புரவுப் பணியிலும் உழைத்தவர்களில் பெருந்தொகையினர் தமிழர்கள். கட்டடத்தின் முன்படியை அவர்கள் மிதிக்க அப்போது வழியில்லை. அவர்களுடைய கூலியையும் வேலையையும் முடிவு செய்த கோப்புகள் மட்டும் உள்ளே இருந்தன.

உச்ச நீதிமன்றக் கட்டடம் (1937–1939)

நகராட்சிக் கட்டடத்துக்குப் பக்கத்து மனையில் 'கிராண்ட் ஹோட்டல் டி லா யூரோப்' என்ற பெயர்பெற்ற விடுதி இருந்தது. அது இடிக்கப்பட்ட இடத்தில் உச்ச நீதிமன்றம் எழுந்தது. பொதுப்பணித் துறையின் தலைமைக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் டோரிங்டன் வார்டு இதை வடிவமைத்தார்.

1937 ஏப்ரல் 1 அன்று ஆளுநர் ஷென்டன் தாமஸ் அடிக்கல் நாட்டினார். அக்கல்லின் அடியில் அன்றைய செய்தித்தாள்களும் நாணயங்களும் அடங்கிய பேழை ஒன்று வைக்கப்பட்டது. கி.பி. 3000-இல்தான் அதைத் திறக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆங்கிலேய ஆட்சி அங்கே நிலைத்திருக்கும் என்ற நம்பிக்கை அன்று எவ்வளவு உறுதியாக இருந்தது என்பதை இந்த ஆண்டுக் கணக்கே காட்டிவிடும். அடிக்கல் நாட்டிய ஐந்தாண்டுகளுக்குள் அந்த ஆளுநரே ஜப்பானியரின் சிறைக்கைதி ஆனார்.

1939 ஆகஸ்ட் 3 அன்று கட்டடம் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் தொடங்க ஒரு மாதமே இருந்தது. செப்புத் தகடு வேய்ந்த பெரிய குவிமாடம் இதன் அடையாளம். காலப்போக்கில் களிம்பேறி அது பச்சை நிறமாகிவிட்டது. இதற்குப் பின்னால், சாலையிலிருந்து பார்த்தால் தெரியாதபடி, சிறிய குவிமாடம் ஒன்றும் உண்டு. அதன் கீழே வட்டவடிவச் சட்ட நூலகம் இருந்தது. முகப்பின் உச்சியிலுள்ள முக்கோணப் பரப்பில் நீதித் தேவதையை நடுவில் வைத்து நோல்லி வடித்த சிற்பத்தொகுதி உள்ளது. ஆங்கிலேயர் சிங்கப்பூரில் செவ்வியல் பாணியில் கட்டிய கடைசிப் பெரிய கட்டடம் இதுவே எனக் கருதப்படுகிறது.

போர்க்காலம்

1942 பிப்ரவரி 15 அன்று ஆங்கிலேயப் படை ஜப்பானியரிடம் சரணடைந்தது. இரண்டு நாள் கழித்து ஐரோப்பியக் குடிமக்கள் பாடாங்கில் கூட்டப்பட்டு, அங்கிருந்து சாங்கி நோக்கி நடத்திச் செல்லப்பட்டனர். அதே நாளில் ஃபாரர் பூங்காவில் இந்தியப் படைவீரர்கள் தனியாகப் பிரிக்கப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். இந்திய தேசிய ராணுவத்தின் தொடக்கம் இங்கேதான். ஊரின் பெயர் சியோனான் என மாற்றப்பட்டது. நகராட்சிக் கட்டடம் ஜப்பானிய நகர நிர்வாகத்தின் அலுவலகமானது.

1943 ஜூலை 4 அன்று ராஷ் பிகாரி போஸ் தலைமைப் பொறுப்பை நேதாஜி சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்தார். மறுநாள், ஜூலை 5 அன்று, நகராட்சிக் கட்டடத்தின் முன்னே பாடாங்கில் இந்திய தேசிய ராணுவம் அணிவகுத்து நின்றது. நேதாஜி அவ்வணிவகுப்பை ஏற்று உரையாற்றினார். 'டெல்லி சலோ' என்ற முழக்கம் அங்கே ஒலித்தது. இந்த ராணுவத்தில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த தமிழர்கள் பெரும் எண்ணிக்கையில் சேர்ந்தனர். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களும் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் அவர்களில் இருந்தனர். பெண்களுக்கென அமைந்த ஜான்சி ராணிப் படைக்குச் சென்னையில் பிறந்த மருத்துவர் லட்சுமி தலைமை ஏற்றார்.

திருப்பூரில் கொடியைக் கீழே விடாமல் குமரன் அடிபட்டு உயிர்விட்டது 1932 ஜனவரியில். பதினொரு ஆண்டுகள் கழித்து, கடல் கடந்த ஓர் ஊரில், ஆங்கிலேயர் கட்டிய நகராட்சி மாளிகையின் எதிரே அதே விடுதலைக்காகத் தமிழர்கள் அணிவகுத்தார்கள். நம் பாடநூல்களில் இந்த இரண்டும் வெவ்வேறு பாடங்களாக இருக்கின்றன. சேர்த்துப் படிக்க வேண்டியவை.

1945 ஜூலை 8 அன்று பாடாங்குக்கு அருகே கடற்கரையோரம் இந்திய தேசிய ராணுவத்தின் உயிர்நீத்த வீரர்களுக்கான நினைவுச் சின்னத்துக்கு நேதாஜி அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்ற பொருள்தரும் சொற்கள் அதில் பொறிக்கப்பட்டன. செப்டம்பரில் திரும்பி வந்த ஆங்கிலேயப் படை அதை வெடிவைத்துத் தகர்த்தது. 1995-இல் அவ்விடத்தில் சிங்கப்பூர் அரசு ஓர் அடையாளப் பலகையை நிறுவியது.

சரணடைதல் (1945)

1945 செப்டம்பர் 12 அன்று நகராட்சிக் கட்டடத்தின் மன்றக் கூடத்தில் தென்கிழக்காசியாவிலிருந்த ஜப்பானியப் படைகள் சரணடையும் பத்திரம் கையெழுத்தானது. நேச நாடுகளின் சார்பில் மவுண்ட்பேட்டன் பிரபு அதைப் பெற்றார். உடல்நலம் குன்றியிருந்த தெராவுச்சிக்குப் பதிலாக ஜெனரல் இத்தாகாகி கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டு, பக்கத்து உச்ச நீதிமன்றத்தில் ஜப்பானியப் போர்க் குற்றவாளிகள் மீதான விசாரணை நடந்தது. 1943 அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கிய கைதுகளையும் சித்திரவதைகளையும் பற்றிய 'இரட்டைப் பத்து' வழக்கு அவற்றுள் பெயர்பெற்றது.

தன்னாட்சியும் விடுதலையும்

1951-இல் சிங்கப்பூர் மாநகரத் தகுதி பெற்றது. நகராட்சிக் கட்டடத்துக்கு நகர மண்டபம் என்ற பெயர் வந்தது. 1957-இல் நகர மன்றத் தேர்தலில் மக்கள் செயல் கட்சி வென்று, ஓங் எங் குவான் மேயரானார். மேயரின் முன்னே தூக்கிச் செல்லப்படும் செங்கோலை அவர் அகற்றச் செய்தார். சிங்கப்பூரின் நாட்டுப்பண்ணான 'மஜுலா சிங்கப்பூரா' 1958-இல் சுபிர் சயித் என்ற இசையமைப்பாளர் இந்த நகர மன்றத்துக்காக இயற்றியதே.

1959 ஜூன் 5 அன்று லீ குவான் யூவும் அவருடைய அமைச்சர்களும் நகர மண்டபக் கூடத்தில் பதவி ஏற்றனர். அவர்களில் பண்பாட்டு அமைச்சராகப் பொறுப்பேற்றவர் சி. ராஜரத்தினம். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்த தமிழர். சிங்கப்பூர் மாணவர்கள் பள்ளியில் நாள்தோறும் சொல்லும் தேசிய உறுதிமொழியை 1966-இல் எழுதியவர் இவரே. அதே 1959-ஆம் ஆண்டு டிசம்பர் 3 அன்று யூசோப் இஷாக் அரசுத் தலைவராகப் பொறுப்பேற்றார். கொடி, அரசு முத்திரை, நாட்டுப்பண் மூன்றும் அன்று அறிமுகமாயின.

1963 செப்டம்பர் 16 அன்று சிங்கப்பூர் மலேசியாவுடன் இணைந்த அறிவிப்பு நகர மண்டபப் படிகளில் வாசிக்கப்பட்டது. 1965 ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் தனிநாடானது. முதல் தேசிய தின அணிவகுப்பு 1966-இல் பாடாங்கில் நடந்தபோது, தலைவர்கள் நின்று பார்த்தது இதே படிகளில்தான். மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றுடன் தமிழும் அந்நாட்டின் அதிகாரத்துவ மொழியானது. ஆட்சிமொழி என்று நாம் சொல்வதை அவர்கள் அதிகாரத்துவ மொழி என்று எழுதுகிறார்கள். கோ. சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய 'தமிழ் முரசு' இதழும் அவரோடு உழைத்தவர்களும் தமிழுக்கு அந்த இடம் கிடைக்கப் பாடுபட்டவர்கள்.

நீதிமன்ற நாட்கள்

1950 டிசம்பர் 11 அன்று மரியா ஹெர்டோக் என்ற சிறுமியின் வழக்கு தொடர்பாக உச்ச நீதிமன்றத்தின் வெளியே கூடிய கூட்டம் கலவரத்தில் இறங்கியது. டச்சுப் பெற்றோருக்குப் பிறந்து, போர்க்காலத்தில் முஸ்லிம் குடும்பத்தில் வளர்ந்த அவளைப் பெற்றோரிடம் ஒப்படைக்கும் தீர்ப்பே கலவரத்துக்குக் காரணம். 18 பேர் உயிரிழந்தனர். சமயமும் குடும்பமும் சம்பந்தப்பட்ட வழக்கை அயலாட்சியின் நீதிமன்றம் மக்கள் மனம் அறியாமல் கையாண்டால் என்ன ஆகும் என்பதற்கு இன்றும் சொல்லப்படும் எடுத்துக்காட்டு இது.

விடுதலைக்குப் பின் அந்த மன்றத்தின் நீதிபதி இருக்கையில் தமிழர்களும் அமர்ந்தனர். 1976-இல் நீதிபதியான ஏ. பி. ராஜா அவர்களில் ஒருவர். வழக்குகள் பெருகியபோது இடம் போதாமல், பக்கத்து நகர மண்டபத்தின் அறைகளும் நீதிமன்றங்களாக்கப்பட்டன. இரண்டு கட்டடங்களும் 1992 பிப்ரவரி 14 அன்று தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. 2005-இல் உச்ச நீதிமன்றம் பின்புறம் எழுந்த புதிய கட்டடத்துக்கு இடம்பெயர்ந்தது. பழைய கட்டடங்கள் காலியாயின.

இடிப்பதா, காப்பதா?

சிங்கப்பூர் பரப்பில் மிகச் சிறிய நாடு. நிலத்தின் விலை அதிகம். பழையதை இடித்துப் புதியதைக் கட்டுவதே பல ஆண்டுகள் அங்கு நடைமுறையாக இருந்தது. 2004-இல் சுரங்கச் சாலை ஒன்றுக்காக ஸ்டாம்ஃபோர்டு சாலையிலிருந்த செங்கல் நிறத் தேசிய நூலகம் மூடப்பட்டு, பின் இடிக்கப்பட்டது. அங்கே படித்து வளர்ந்த ஒரு தலைமுறை எதிர்த்துக் குரல் கொடுத்தது. நூலகம் தப்பவில்லை. கட்டடங்களோடு மக்களுக்குள்ள பிணைப்பைப் பற்றி அரசு யோசிக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் வலுப்பெற்றது.

2005 ஆகஸ்டில், தேசிய தினப் பேரணி உரையில், பிரதமர் லீ சியன் லூங் நகர மண்டபமும் பழைய உச்ச நீதிமன்றமும் கலைக்கூடமாக மாறும் என்று அறிவித்தார். நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டவை என்பதால் இவற்றை இடிக்க முடியாது. ஆனால் வணிக வளாகமாகவோ உயர்தர விடுதியாகவோ மாற்றியிருக்க முடியும். அங்கே பழைய அஞ்சல் தலைமையகம் அப்படித்தான் விடுதியாயிற்று. விடுதியானால் பணம் உள்ளவர்கள் மட்டும் நுழைவார்கள். கலைக்கூடமானால் பள்ளிப் பிள்ளைகளும் நுழைவார்கள். இந்த முடிவின் முக்கியத்துவம் இதில்தான் இருக்கிறது.

மாற்றும் பணி

2007-இல் வடிவமைப்புப் போட்டி அறிவிக்கப்பட்டது. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஜான் பிரான்சுவா மிலூவின் நிறுவனம் 2008-இல் தேர்வு செய்யப்பட்டது. சிங்கப்பூரின் சி.பி.ஜி. கன்சல்டன்ட்ஸ் உடன் இணைந்து பணியாற்றியது. கட்டடப் பணி 2011-இல் தொடங்கி 2015-இல் நிறைவடைந்தது. செலவு 53.2 கோடி சிங்கப்பூர் வெள்ளி.

பணியில் இருந்த சிக்கல்கள் மூன்று.

முதலாவது, இரண்டு கட்டடங்களும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு தேவைக்காகக் கட்டப்பட்டவை. இவற்றை இணைக்க நிலத்தடியில் பொதுத் தளம் தோண்டப்பட்டது. மேல்தளங்களில் இணைப்புப் பாலங்கள் அமைக்கப்பட்டன. பழைய சுவர்கள் அசையாமல் அடியில் தோண்டுவது எளிதன்று. கடலை ஒட்டிய இளகிய மண் என்பதால் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவைப்பட்டது.

இரண்டாவது, வெயிலும் மழையும். ஓவியத்துக்கு நேரடி வெயில் ஆகாது. ஈரப்பதம் ஏறி இறங்கினால் துணியும் சாயமும் கெடும். இந்த உண்மை சாயப்பட்டறைக்காரருக்கும் தெரியும். இதற்காக இரு கட்டடங்களின் கூரைமீதும் உலோகமும் கண்ணாடியும் சேர்ந்த மெல்லிய மேற்கூரை போர்த்தப்பட்டது. மரம்போலக் கிளைவிடும் தூண்கள் அதைத் தாங்குகின்றன. நுண்துளைகள் கொண்ட உலோகத் தகடுகள் வழியே ஒளி வடிந்து இறங்குகிறது. நுழைவாயிலின் மேல் அது வளைந்து தொங்குவதைப் பார்த்தால், தறியிலிருந்து இறக்கிய வலைத்துணியை இரண்டு வீடுகளுக்கு நடுவே விரித்துக் கட்டியது போலிருக்கும்.

மூன்றாவது, எதை விடுவது, எதை வைப்பது என்ற கேள்வி. சரணடைதல் பத்திரம் கையெழுத்தான நகர மண்டபக் கூடம், தலைமை நீதிபதியின் அறை, வட்ட நூலகம் ஆகியவை பழைய தோற்றத்திலேயே காக்கப்பட்டன. நீதிமன்ற அறைகளில் மரப்பலகைச் சுவர்களுக்கு நடுவே இன்று ஓவியங்கள் தொங்குகின்றன. விசாரணைக் கைதிகளை அடைத்து வைத்த சிற்றறைகளில் இரண்டும் அப்படியே விடப்பட்டுள்ளன. பொன்சட்டமிட்ட ஓவியங்களைப் பார்த்துவிட்டு வருபவர், சன்னல் இல்லாத அந்த அறைக்குள் நின்றால் கட்டடத்தின் மறுபக்கம் புரியும். இவற்றைப் பூசி மறைக்காமல் விட்டது நல்ல முடிவு.

கலைத் தொகுப்பு

சிங்கப்பூர் அரசின் கலைச் சேகரிப்பு முன்பு சிங்கப்பூர் கலை அருங்காட்சியகத்தில் இருந்தது. 1996-இல் திறக்கப்பட்ட அதுவும் பழைய பள்ளிக் கட்டடத்தில் அமைந்ததே. புதிய கலைக்கூடத்தின் பொறுப்பில் 8,000-க்கும் மேற்பட்ட படைப்புகள் உள்ளன. நகர மண்டபப் பகுதியில் சிங்கப்பூர்க் கலையும், நீதிமன்றப் பகுதியில் தென்கிழக்காசியக் கலையும் நிரந்தரக் காட்சியாக வைக்கப்பட்டன.

சிங்கப்பூர்ப் பகுதியின் தொடக்கக் கண்காட்சிக்கு 'சியாப்பா நாமா காமு?' என்று பெயர். 'உன் பெயர் என்ன?' என்பது இந்த மலாய்த் தொடரின் பொருள். சுவா மியா டீ 1959-இல் தீட்டிய 'தேசிய மொழி வகுப்பு' என்ற ஓவியத்தில் கரும்பலகையில் எழுதப்பட்டுள்ள வரி இது. தன்னாட்சி பெற்ற ஆண்டில், வெவ்வேறு பின்னணி கொண்டவர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து மலாய் படிக்கும் காட்சி. ஆசிரியப் பணியில் இருந்தவர்கள் யாரும் இந்த ஓவியத்தின் முன் சற்று நேரம் நிற்பார்கள். புதிய நாடு ஒன்று முதலில் கேட்கும் கேள்வியும் வகுப்பறையின் முதல்நாள் கேள்வியும் ஒன்றாக இருக்கின்றன.

தென்கிழக்காசியப் பகுதியில் ஜாவாவைச் சேர்ந்த ராதன் சாலே 1849-இல் தீட்டிய 'காட்டுத் தீ' என்ற மிகப் பெரிய ஓவியம் குறிப்பிடத்தக்கது. தீயிலிருந்து தப்பி மலைமுகட்டின் விளிம்புக்கு ஓடிவரும் விலங்குகளை அது காட்டுகிறது. ஜார்ஜெட் சென், லியூ காங், சியோங் சூ பியெங், சென் வென் சி முதலியோரின் படைப்புகள் சிங்கப்பூர்க் கலையின் அடித்தளம். தமிழ் வம்சாவளிக் கலைஞர்களில், 1988-இல் 'திரிமூர்த்தி' என்ற பெயரில் சீன, மலாய் நண்பர்கள் இருவருடன் கண்காட்சி நடத்திய ச. சந்திரசேகரன் முக்கியமானவர்.

விவாதங்கள்

இம்மாற்றம் முழுமையானது என்று சொல்லிவிட முடியாது. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் நிரந்தரக் காட்சிகளை இலவசமாகப் பார்க்கலாம். வெளிநாட்டவர் கட்டணம் செலுத்த வேண்டும். சிங்கப்பூரில் கட்டுமானப் பணியிலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களும் சட்டப்படி வெளிநாட்டவரே. காட்சிக்கூடங்கள் சில நிதியுதவி செய்த வங்கிகளின் பெயரைத் தாங்கியுள்ளன. பொதுச் சொத்துக்கு வணிக நிறுவனத்தின் பெயர் சூட்டுவது சரியா என்ற கேள்வி உலகெங்கும் எழுப்பப்படுவது. ஆளுநர்களும் பிரதமர்களும் நின்ற இடங்கள் தெளிவாக அடையாளம் காட்டப்படுவதுபோல, தெருவைப் பெருக்கிய நகராட்சித் தொழிலாளியின் கதைக்கும் இடம் வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு.

பிற நாடுகளிலும் இந்தியாவிலும்

அரசரின் மாளிகையாக இருந்த பாரிசின் லூவர், பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் 1793-இல் பொது அருங்காட்சியகமானது. இவ்வகை மாற்றங்களுக்கெல்லாம் அது முன்னோடி. அதே நகரின் ஓர்சே ரயில் நிலையம் 1986-இல் கலைக்கூடமானது. டெல்லியில் ஜெய்ப்பூர் மகாராஜாவின் மாளிகை 1954-இல் தேசிய நவீனக் கலைக்கூடமானது. கொல்கத்தாவின் பழைய கரன்சி கட்டடம் 1990-களில் பாதி இடிக்கப்பட்ட நிலையில் தடுத்து நிறுத்தப்பட்டு, இந்தியத் தொல்லியல் துறையால் சீரமைக்கப்பட்டு, 2020-இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. இடிந்த நடுப்பகுதி இன்றும் திறந்த முற்றமாகவே இருக்கிறது.

தமிழ்நாட்டிலும் முன்னுதாரணங்கள் உண்டு. எழும்பூரில் 'பாந்தியன்' எனப்பட்ட கட்டடத்தை 1830-இல் அரசு திரும்ப வாங்கி, ஆட்சியர் கச்சேரியாகப் பயன்படுத்தியது. சென்னை அருங்காட்சியகம் 1854-இல் அங்கே இடம்பெயர்ந்தது. இன்று சோழர்காலச் செப்புத் திருமேனிகளைக் காண உலகெங்குமிருந்து மக்கள் வருவது அந்த வளாகத்துக்குத்தான். தஞ்சை அரண்மனையில் 1951-இல் கலைக்கூடம் அமைந்தது. மதுரையில் ராணி மங்கம்மாள் பெயரோடு இணைந்த தமுக்கம் அரண்மனை 1959-இல் காந்தி நினைவு அருங்காட்சியகமானது.

நமக்குரிய பாடம்

திருப்பூர், அவிநாசி, பல்லடம், தாராபுரம், உடுமலை வட்டாரங்களில் தாலுகா அலுவலகத்தைப் பெரியவர்கள் இன்றும் 'கச்சேரி' என்றே சொல்வார்கள். ஓட்டுக் கூரையும் தடித்த சுவரும் கொண்ட பழைய அரசுக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. பத்தாண்டுக்கு ஒருமுறை கூடத்தை இடித்து மாடி கட்டும் தொழில் நகரத்துக்குப் பழைய கட்டடம் வெறும் மனையாகத் தெரிவது இயல்பே. ஆனால் கைத்தறியிலிருந்து பனியன் வரை வந்த ஓர் ஊரின் கதையைச் சொல்ல ஒரு கூடம் வேண்டாமா? தறி, இராட்டை, சாயக் கிண்ணம், முதல் தலைமுறைப் பின்னல் இயந்திரம், வேலை தேடி வந்தவர்களின் படங்கள் ஆகியவற்றை வைக்க, காலியாகும் ஒரு பழைய கச்சேரி போதும்.

இதற்குச் சிங்கப்பூர் அளவுக்குப் பணம் தேவையில்லை. மாணவர்கள் தம் ஊரிலுள்ள பழைய அரசுக் கட்டடம் ஒன்றைத் தேர்ந்து, அது கட்டப்பட்ட ஆண்டு, கட்டியவர், அங்கே நடந்த நிகழ்ச்சிகள், இப்போதைய நிலை ஆகியவற்றைக் குறித்து, படமெடுத்து வைக்கலாம். கட்டடம் இடிக்கப்பட்டாலும் அக்குறிப்பு நிற்கும். இடிக்க வேண்டாம் என்று கேட்கவும் அதுவே சான்றாகும்.

கால வரிசை

1819 – ராஃபிள்ஸ் வருகை. நாராயண பிள்ளை சிங்கப்பூர் வந்து சேர்தல்
1862 – புனித அந்திரேயா பேராலயம் அர்ச்சிக்கப்படுதல்
1929 – நகராட்சிக் கட்டடம் நிறைவு
1939 – உச்ச நீதிமன்றக் கட்டடம் திறப்பு
1943 – பாடாங்கில் இந்திய தேசிய ராணுவ அணிவகுப்பு
1945 – ஜப்பானியர் சரணடைதல்
1951 – நகர மண்டபம் எனப் பெயர் மாற்றம்
1959 – முதல் தன்னாட்சி அமைச்சரவை பதவியேற்பு
1963 – மலேசியாவுடன் இணைந்த அறிவிப்பு
1966 – முதல் தேசிய தின அணிவகுப்பு
1992 – இரு கட்டடங்களும் தேசிய நினைவுச் சின்னங்களாதல்
2005 – உச்ச நீதிமன்றம் இடமாற்றம், கலைக்கூட அறிவிப்பு
2011 – சீரமைப்புப் பணி தொடக்கம்
2015 – தேசியக் கலைக்கூடம் திறப்பு
2022 – பாடாங் மைதானமும் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்படுதல்